ஒரு பாலத்தின் விலையில் காத்திருப்புக்கு எவ்வளவு?

கம்பம் பள்ளத்தாக்கில் மேற்கு மலையை நோக்கிப் போகும் சாலை ஒன்றில், ஓர் ஓடையின் மேல் சிறுபாலம் கட்டும் வேலைக்குச் சில ஆண்டுகளுக்கு முன் நான் சைட் சூப்பர்வைசராக இருந்தேன். எங்கள் ஆட்கள் அதைக் கல்வெர்ட் என்பார்கள். 5 மீட்டர் கண் (ஒரு தாங்குசுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரையான நீளம்), 7.5 மீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் கனத்தில் மேல்தளம். பெருக்கிப் பார்த்தால் 11 கன மீட்டருக்குச் சற்று கூடுதலாகக் காங்கிரீட் வேண்டும். எங்களிடம் இருந்த மிக்சர் மணிக்கு இரண்டேகால் கன மீட்டர் வரை கலந்து தரும் என்பதால், காலை 8 மணிக்குத் தொடங்கினால் மதியம் ஒரு மணிக்குத் தளம் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தோம்.

காலை ஏழரைக்கெல்லாம் கொத்தனார், நிமிந்தாள், சித்தாள், மிக்சர் ஓட்டுபவர் என 14 பேர் வந்து நின்றார்கள். கம்பி முந்தின நாளே கட்டி முடிக்கப்பட்டிருந்தது. ஆனால், கட்டிய கம்பியைத் துறைப் பொறியாளர் பார்த்து ஒப்புதல் தராமல் காங்கிரீட் கொட்டக்கூடாது என்பது விதி. அது தேவையான விதியும்கூட. அவருக்கு அன்று வேறு மூன்று இடங்களிலும் வேலை இருந்ததால், வந்து சேர்ந்தபோது மணி 11.40 ஆகிவிட்டது. 11.50க்கு மிக்சர் ஓடத் தொடங்கியது. 2.15க்கு எம்-சாண்ட், அதாவது பாறையை அரைத்துச் செய்யும் மணல், தீர்ந்தது. அடுத்த டிப்பர் கிரஷர் வாசலில் வரிசையில் நின்றிருந்தது. "பாதித் தளத்துல நிக்குது சார், ஜாயின்ட் விழுந்துரும்" என்று மேஸ்திரி நாலைந்து முறை சொல்லிவிட்டார். முன்பு போட்ட காங்கிரீட் இறுகிவிட்டால் பின்னால் போடுவது அதோடு சரியாக ஒட்டாமல் இடையில் கோடு விழும் என்பதுதான் அவர் பயம். வண்டி வந்தது 4.10க்கு. ட்யூப்லைட் கட்டி வேலையைத் தொடர்ந்து, 6.40க்கு முடித்தோம்.

அந்த 14 பேரும் 11 மணி நேரத்துக்கு மேல் வேலையிடத்தில் இருந்தார்கள். மிக்சர் ஓடியது 5 மணி நேரத்துக்கும் குறைவு. அதாவது, அன்றைக்குக் கொடுத்த கூலியில் பாதிக்கு மேல் காத்திருந்ததற்குக் கொடுத்த கூலி. அந்தப் பதினான்கு பேரில் ஒருவர்கூடச் சோம்பி நிற்கவில்லை என்பதையும், கூலியில் ஒரு ரூபாய்கூட யாரும் அதிகமாகக் கேட்கவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

உள்கட்டமைப்புப் பணிகளில் உற்பத்தித்திறன் என்றும், செலவிட்ட பணத்துக்கு ஏற்ற மதிப்பு என்றும் அறிக்கைகளிலும் பட்ஜெட் உரைகளிலும் அடிக்கடி வரும் இரண்டு சொற்களைப் புரிந்துகொள்ள இந்த ஒரு நாள் போதும் என்றே நினைக்கிறேன். உற்பத்தித்திறன் என்பது, போட்ட உழைப்புக்கும் இயந்திரத்துக்கும் நேரத்துக்கும் எவ்வளவு முடிந்த வேலை கிடைத்தது என்ற விகிதம். எங்கள் தளத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 0.8 கன மீட்டர்; காத்திருப்பு இல்லாதிருந்தால் அதே ஆட்கள் அதே 0.8 கன மீட்டரை அரை நாளில் முடித்திருப்பார்கள். பணத்துக்கேற்ற மதிப்பு என்பது இதைவிட அகலமான கேள்வி: கட்டிய பொருள் அதன் ஆயுள் முழுக்கப் பயன்படுத்துகிறவர்களுக்குத் தரும் பயன், அதற்காக மொத்தமாகச் செலவான பணத்துக்கு ஈடாகிறதா என்பது. முதலாவது நன்றாக இருந்து இரண்டாவது மோசமாக இருக்கலாம். யாரும் போகாத ஊருக்கு மிக வேகமாகச் சாலை போட்டால் உற்பத்தித்திறன் உயரும், மதிப்பு பூஜ்யம்.

உற்பத்தித்திறனை உயர்த்துவது என்றாலே ஆட்களை விரட்டி வேலை வாங்குவது என்று பலர் நினைக்கிறார்கள். கட்டுமானத்தில் அது பெரும்பாலும் தவறு. சித்தாள் சட்டியை இன்னும் வேகமாகத் தூக்கியிருந்தால் அன்று பத்து நிமிடம் மிச்சமாகியிருக்கும். பொறியாளரின் வருகையை முந்தின நாள் மாலைக்கே உறுதி செய்து, மணல் முழுவதையும் முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தால் ஆறு மணி நேரம் மிச்சமாகியிருக்கும். இரண்டாவதைச் செய்திருக்க வேண்டியவன் நான்தான். மேக்கின்ஸி என்ற ஆலோசனை நிறுவனம் 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் உலகப் பொருளாதாரம் முழுவதிலும் தொழிலாளர் உற்பத்தித்திறன் ஆண்டுக்குச் சராசரியாக 2.8 சதவீதம் உயர்ந்தபோது, கட்டுமானத் துறையில் அது 1 சதவீதம் மட்டுமே உயர்ந்தது. தொழிற்சாலையில் பொருள் நகர்ந்து ஆளிடம் வருகிறது; கட்டுமானத்திலோ ஆளும் பொருளும் அனுமதியும் காசோலையும் வெவ்வேறு ஊர்களிலிருந்து ஒரே ஓடைக்கரைக்கு ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டியிருக்கிறது. ஒன்று பிந்தினாலும் மற்றவை எல்லாம் நின்று கூலி வாங்கும்.

காத்திருப்பு பெரிதாகும்போது

எங்கள் பக்கத்தில் எல்லோரும் அறிந்த உதாரணம் போடி ரயில். மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு 1928இல் வந்த மீட்டர் கேஜ் பாதை, அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010ஆம் ஆண்டின் இறுதியோடு நிறுத்தப்பட்டது. தூரம் சுமார் 90 கிலோமீட்டர். மதுரை முதல் தேனி வரை ரயில் மறுபடி ஓடியது 2022 மே மாதத்தில். போடிக்கு வந்தது 2023 ஜூன் மாதத்தில். ரயில் நின்ற ஆண்டில் பிறந்த பிள்ளை ஏழாம் வகுப்புக்குப் போன பிறகுதான் எங்கள் ஊருக்கு மீண்டும் ரயில் வந்தது. இடைப்பட்ட காலம் முழுவதும் ஏலக்காய் மூட்டையும் மாம்பழக் கூடையும் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகும் நோயாளியும் பேருந்தையும் லாரியையுமே நம்பியிருந்தனர்.

பன்னிரண்டு ஆண்டுகள் பிடிக்கும்படி அந்தப் பாதையில் பொறியியல் சிக்கல் ஒன்றும் பெரிதாக இல்லை. ஆண்டிப்பட்டிக் கணவாயில் பாறையை வெட்ட வேண்டியிருந்தது, பாலங்களைப் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது, அவ்வளவே. இதோடு கொங்கண் ரயில்வேயை ஒப்பிட்டுப் பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையைக் குடைந்து, 91 சுரங்கங்களும் இரண்டாயிரத்தையொட்டிய பாலங்களுமாகச் சுமார் 760 கிலோமீட்டர் பாதை. 1990இல் தொடங்கி 1998 ஜனவரியில் முழுப் பாதையும் திறக்கப்பட்டது. வித்தியாசம் மண்ணிலோ மலையிலோ இல்லை, பணம் வந்த விதத்தில் இருக்கிறது. கொங்கண் பாதைக்கென்று தனியாக ஒரு நிறுவனம் அமைக்கப்பட்டு, கடன் பத்திரங்கள் வழியாகச் சந்தையில் பணம் திரட்டப்பட்டு, முடிவெடுக்கும் அதிகாரமும் வேலை நடக்கும் இடத்துக்கு அருகிலேயே வைக்கப்பட்டது. போடிப் பாதைக்கோ ஒவ்வோர் ஆண்டும் பட்ஜெட்டில் சொட்டுச் சொட்டாக ஒதுக்கீடு வந்தது. சில ஆண்டுகளில் வந்த தொகை, நின்றுபோன வேலையை மறுபடி கிளப்புவதற்கே சரியாக இருந்திருக்கும்.

பணம் சொட்டுச் சொட்டாக வந்தால் மொத்தச் செலவு ஏன் கூடுகிறது என்பது புதிதாகப் படிப்பவர்களுக்குச் சட்டென்று விளங்காது. நூறு ரூபாய் வேலைக்கு நூறு ரூபாய்தானே, இந்த ஆண்டு கொடுத்தால் என்ன, மூன்று ஆண்டாகப் பிரித்துக் கொடுத்தால் என்ன என்று தோன்றும். வேலையின் செலவில் ஒரு பகுதி சிமெண்ட், கம்பி, கூலி. இது வேலையின் அளவைப் பொறுத்தது. மற்றொரு பகுதி நாளைப் பொறுத்தது: வாட்ச்மேன் சம்பளம், முகாம் வாடகை, நின்றாலும் ஓடினாலும் மாத வாடகை கேட்கும் ஜேசிபி, பொறியாளர்களின் சம்பளம், ஒப்பந்ததாரர் வாங்கிய கடனுக்கு வட்டி. வேலை நடக்காத நாளிலும் இந்த இரண்டாவது மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். இதோடு விலைவாசி உயர்வு சேரும். போதாக்குறைக்கு, பாதியில் விட்ட மண்கரையை இரண்டு ஐப்பசி மழை கரைத்துவிட்டுப் போகும். துருப்பிடித்த கம்பியைச் சுரண்டி எடுக்க வேண்டும். அதே வேலையை இரண்டாவது முறை செய்ய வேண்டும். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு, கட்டி முடித்திருந்தால் அந்தப் பன்னிரண்டு ஆண்டும் மக்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய பயன் கிடைக்காமல் போனது. அது எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாது.

ஏறாது என்பதை எங்கள் சிறுபாலத்திலேயே கண்டேன். விடிவதற்கு முன் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும் ஜீப்புகள், பாலம் முடியும்வரை ஓடைக்குள் போட்டிருந்த மாற்றுப்பாதையில்தான் இறங்கி ஏறின. மழை பெய்த நாளில் எல்லோரும் இறங்கி நடந்து, ஜீப்பைத் தள்ளி ஏற்றிவிட்டுத்தான் மறுபடி உட்காருவார்கள். "ஏப்பா தம்பி, இந்தப் பாலத்த எப்பத்தான் முடிப்பீங்க? எங்களுக்கு லேட்டான கூலிய நீயா குடுப்ப?" என்று ஓர் அம்மா கேட்டார். அளவுப் புத்தகத்தில், அதாவது நாங்கள் எம்-புக் என்று சொல்லும் அந்தப் பதிவேட்டில், தோண்டிய மண்ணுக்கும் கட்டிய கம்பிக்கும் இடம் உண்டு. அந்த அம்மாவின் பிடித்துக்கொள்ளப்பட்ட கூலிக்கு இடம் இல்லை.

எங்கே மெதுவாக இருக்க வேண்டும்

அப்படியானால் எல்லாவற்றையும் அவசரமாகத் தொடங்கிவிட வேண்டும் என்று முடிவுகட்டினால் அதுவும் தவறு. நம் ஊரில் அடிக்கல் நாட்டுவதில் காட்டும் வேகம் பெரும்பாலும் பின்னால் வரும் தாமதத்துக்கு வித்து. நிலம் கைக்கு வராமல், மின்கம்பமும் குடிநீர்க் குழாயும் மாற்றப்படாமல், மண் பரிசோதனை முடியாமல் தொடங்கிய வேலை, ஜேசிபி முதல் வாளி மண்ணை அள்ளிய மறுநாளே காத்திருக்கத் தொடங்கும். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பெண்ட் ஃபிளிவ்பியர் உலகெங்கும் 16,000க்கு மேற்பட்ட திட்டங்களின் விவரங்களைத் திரட்டிப் பார்த்தார். சொன்ன செலவிலும் சொன்ன காலத்திலும் முடிந்தவை 8.5 சதவீதம், செலவு, காலம், சொன்ன பயன் ஆகிய மூன்றும் நிறைவேறியவை 0.5 சதவீதம், அதாவது இருநூறில் ஒன்று. திட்டமிடுவதில் பொறுமையும் கட்டுவதில் வேகமும் வேண்டும், நடைமுறையில் எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள் என்பதுதான் அவர் திரும்பத் திரும்பச் சொல்வது. தாளில் ஒரு தூணை நகர்த்த அழிரப்பர் போதும். காங்கிரீட் போட்ட பிறகு நகர்த்தப் பாறை உடைப்பான் வேண்டும்.

மலை நாட்டில் இது இன்னும் கடுமையான பாடம். போடிமெட்டிலிருந்து மூணாறு வரை சுமார் 42 கிலோமீட்டர் தேசிய நெடுஞ்சாலையை அகலப்படுத்தும் வேலை 2017இல் தொடங்கியது. கேப் ரோடு பகுதியில் அடுத்தடுத்து ஏற்பட்ட பாறைச் சரிவுகளால் தடைபட்டு, 2024 ஜனவரியில்தான் முறைப்படி திறந்து வைக்கப்பட்டது. மலைச்சரிவில் பாறை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, அதன் இடுக்குகளில் தண்ணீர் எப்படி இறங்குகிறது என்று முன்கூட்டித் துளையிட்டுப் பார்ப்பதற்கு ஆகும் தொகை, மொத்த மதிப்பீட்டில் சிறு துளி. அந்தத் துளியை மிச்சப்படுத்தினால், அதே கேள்வியை மலை நம்மிடம் வேறு விதமாகக் கேட்கும்.

பழைய உதாரணம் ஒன்றும் இங்கேயே இருக்கிறது: முல்லைப் பெரியாறு அணை. பெரியாற்றின் தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பலாம் என்ற யோசனை, ராமநாதபுரம் சமஸ்தானத்தின் பிரதானி முத்திருளப்பப் பிள்ளையின் காலத்தில், 1789இலேயே எழுந்தது. அதற்குப் பின் பலமுறை அளந்தார்கள், முடியாது என்றார்கள், 1850இல் தொடங்கிக் காய்ச்சலால் கைவிட்டார்கள். 1882இல் பென்னிகுயிக்கிடம் திட்டத்தைத் திருத்தித் தரும் பொறுப்பு வந்தது. 1886இல் திருவிதாங்கூருடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1887இல் கட்டத் தொடங்கி 1895இல் அணை திறக்கப்பட்டது. இடையில் வெள்ளம் கட்டிய பகுதியை அடித்துக்கொண்டு போனது, மலேரியாவால் தொழிலாளர்கள் பெருந்தொகையாக மாண்டார்கள். அந்த மனித விலையை மறந்துவிட்டு அதைத் திறமையான கட்டுமானம் என்று புகழ எனக்கு மனம் வரவில்லை. இன்றைய கணக்கில் பாதுகாப்பும் உற்பத்தித்திறனின் ஒரு பகுதி. ஆனால், அணை, நீர்த்தேக்கம், சுரங்கம், வைகையோடு இணைப்பு என்று முழுத் திட்டமும் ஒரே கையில், ஒரே கணக்கில் இருந்தது என்பது கவனிக்க வேண்டியது. அணையை மட்டும் கட்டிவிட்டுச் சுரங்கத்துக்கு அடுத்த பட்ஜெட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று யாரும் சொல்லவில்லை. பாசனத்துக்கென்று திருப்பிய அந்தத் தண்ணீர் பிற்காலத்தில் லோயர் கேம்பில் மின்சாரமும் தரத் தொடங்கியது. மறுபக்கம், 1979க்குப் பிறகு அணையைப் பலப்படுத்தச் செய்த வேலைகளும் அதன் ஆயுட்காலச் செலவில் சேர்ந்தவையே.

குறைந்த விலை, மலிவான விலை

நம்மூர் ஒப்பந்தப்புள்ளி முறையில் பல காலமாக நடப்பது இதுதான்: தகுதி உள்ளவர்களில் யார் குறைவான தொகை கேட்டாரோ அவருக்கு வேலை. மதிப்பீட்டைவிடப் பத்து பர்சன்ட் லெஸ், பதினைந்து பர்சன்ட் லெஸ் என்று எழுதிக் கொடுத்து வேலை எடுப்பதைப் பெருமையாகப் பேசுவார்கள். இந்த முறையின் நியாயம் எளிமையானது. வேண்டியவருக்கு வேலை கொடுத்துவிட்டார் என்று அதிகாரியை யாரும் குற்றம்சாட்ட முடியாது. தமிழ்நாட்டில் 1998இல் ஒப்பந்தப்புள்ளிகளுக்கென்று வெளிப்படைத்தன்மைச் சட்டமே வந்ததற்கும், வேண்டியவர்களுக்கே வேலை போய்விடும் என்ற அச்சம்தான் காரணம். ஆனால், இருபது பர்சன்ட் லெஸ் எழுதியவர் அந்த இருபதை எங்கிருந்து மீட்பார் என்ற கேள்வியை இந்த முறை கேட்பதில்லை. நான் பார்த்தவரை மூன்று வழிகள்: சாமானில் குறைப்பது, ஒப்பந்தத்தில் இல்லாத எக்ஸ்ட்ரா ஐட்டம் என்று பின்னால் பணம் கேட்பது, லாபமுள்ள வேறு வேலைக்கு ஆட்களை அனுப்பிவிட்டு இதை இழுத்தடிப்பது. மூன்றாவதுதான் வெளியே தெரியாதது.

மத்திய நிதி அமைச்சகம் 2021 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், குறைந்த தொகை ஒன்றையே பார்க்காமல், குறிப்பிட்ட பணிகளில் தரத்துக்கும் மதிப்பெண் கொடுத்துத் தேர்வு செய்ய இடம் தந்தன. தரத்துக்கான பங்கு 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற வரம்போடு. நெடுஞ்சாலைகளில் 2016 முதல் வழக்கத்துக்கு வந்த கலப்பு ஆண்டுத்தொகை முறை வேறு வகையில் இதே சிக்கலைத் தொடுகிறது. கட்டும் காலத்தில் அரசு 40 சதவீதம் கொடுக்கும். மீதி 60 சதவீதத்தை ஒப்பந்ததாரர் தாமே திரட்டிப் போட்டு, பிறகு 15 ஆண்டுகளில் தவணையாகப் பெற்றுக்கொள்வார். அந்தக் காலம் முழுக்கச் சாலையைப் பராமரிப்பதும் அவர் பொறுப்பு. பில் வாங்கியவுடன் போய்விடும் ஆளுக்கும், பதினைந்து ஆண்டு அந்தச் சாலையின் குழியைத் தாமே அடைக்க வேண்டிய ஆளுக்கும் ஜல்லி பரப்பும்போதே கை வேறு விதமாக வேலை செய்யும். இதில் ஆபத்தும் உண்டு: ஒப்பந்ததாரர் வாங்கும் கடனுக்கு வட்டி, அரசு நேரடியாக வாங்கும் கடனைவிடக் கூடுதலாக இருக்கும், அந்த வட்டியும் கடைசியில் நம் தலையில்தான்.

குறைந்த விலைக்கும் மலிவுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். ஒரு சிறுபாலத்தை 20 லட்சத்தில் கட்டலாம். அது 15 ஆண்டு உழைக்கும், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஒரு லட்சத்துக்குப் பழுதுபார்க்க வேண்டும். அதையே நல்ல அடித்தளத்தோடும் வடிகாலோடும் 26 லட்சத்தில் கட்டினால் 45 ஆண்டு உழைக்கும், பழுதும் ஏறக்குறைய இல்லை. சாதாரணமாகக் கூட்டினால் முதல் வழியில் 45 ஆண்டுக்கு மூன்று பாலம், 60 லட்சம், அதற்கு மேல் பழுதுச் செலவு. இரண்டாவது வெளிப்படையாக மலிவு. ஆனால், இப்படிக் கூட்டுவது சரியல்ல. பதினைந்து ஆண்டு கழித்துக் கொடுக்கப்போகும் 20 லட்சத்துக்காக இன்று 20 லட்சம் எடுத்து வைக்க வேண்டியதில்லை. 8 சதவீத வட்டிக்குப் போட்டால் 6.3 லட்சம் போதும், அதுவே வளர்ந்து 20 லட்சமாகிவிடும். சீட்டுப் போடுகிறவர்களுக்கும் வட்டிக்கு விடுகிறவர்களுக்கும் இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். இந்த முறையில் மூன்று பாலங்களையும் பழுதுகளையும் இன்றைய பணத்துக்கு மாற்றினால் முதல் வழிக்குச் சுமார் 31.5 லட்சம் வருகிறது. 26 லட்சப் பாலமே இன்னும் மலிவு.

இப்போது வட்டியை 15 சதவீதமாக்கிப் பாருங்கள். முதல் வழியின் இன்றைய மதிப்பு சுமார் 24.5 லட்சமாகக் குறைந்து, மட்டமான பாலம் ஜெயித்துவிடுகிறது. கணக்கில் பிழை ஏதுமில்லை. பணம் அரிதாகவும் கடன் கடுமையாகவும் இருக்கும் இடத்தில், எதிர்காலத்தின் நலன் இன்றைய தாளில் சின்னதாகத் தெரியும். கையில் காசில்லாத குடும்பம் நல்ல செருப்பு ஒன்று வாங்க முடியாமல் ஆண்டுக்கு மூன்று மட்டமான செருப்பு வாங்குவதைப் போல. அதனால்தான் எந்த வட்டி விகிதத்தில் கணக்கிடுவது என்பதை அந்தந்தப் பொறியாளர் விருப்பத்துக்கு விடாமல் அரசுகள் தாமே நிர்ணயிக்கின்றன. பிரிட்டன் பொதுத் திட்டங்களுக்கு நெடுங்காலமாக 3.5 சதவீதத்தைப் பயன்படுத்துகிறது. நான் மேலே போட்ட கணக்கில் இன்னொன்றும் விடுபட்டிருக்கிறது: 45 ஆண்டில் இரண்டு முறை பாலத்தை இடித்துக் கட்டும்போது ஓடைக்குள் இறங்கி நடக்கப்போகும் ஜீப் பயணிகள். அவர்களையும் சேர்த்தால் 15 சதவீதத்திலும் விடை மாறக்கூடும்.

கற்பனைக் கணக்கு வேண்டாம், நிஜமாக நடந்ததைச் சொல் என்பவர்களுக்கு மலைக்கு அந்தப் பக்கம் கொச்சியில் பாலாரிவட்டம் மேம்பாலம் இருக்கிறது. 2016 அக்டோபரில் திறக்கப்பட்டது. மூன்று ஆண்டுகூட ஆகாமல் கர்டர்களில், அதாவது தளத்தைத் தாங்கும் உத்திரங்களில், விரிசல் கண்டு 2019 மே மாதத்தில் மூடப்பட்டது. பழுது பார்ப்பதா, பிரித்துக் கட்டுவதா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2020 செப்டம்பரில் கேரள அரசுக்கு அனுமதி கிடைத்தது. பாலக்காடு மாவட்டத்துக்காரரான ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரனின் வழிகாட்டலில் டெல்லி மெட்ரோ நிறுவனம் அதைப் பிரித்துக் கட்டியது. எட்டு மாதம் என்று திட்டமிட்ட வேலை, ஐந்தரை மாதத்துக்குள் முடிந்து 2021 மார்ச் 7ஆம் தேதி திறக்கப்பட்டது. அந்த நிறுவனம் கொச்சியில் முன்பு கட்டிய மேம்பாலங்களில் செலவாகாமல் மிஞ்சியிருந்த தொகையை இந்த வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஒரே நகரத்தில், ஒரே காலத்தில், ஒரு பாலம் கட்டிய பணத்தையும் விழுங்கி மறுபடி கட்டும் பணத்தையும் கேட்கிறது. மற்றவை மிச்சம் தருகின்றன.

மிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் அதில் மாயம் இல்லை. ஒரே மாதிரியான கர்டரை ஒரே அச்சில், வேலையிடத்துக்கு வெளியே ஒரு யார்டில் தொடர்ந்து வார்த்து, கிரேனில் கொண்டுவந்து வைப்பது. தூண் வேலை இங்கே நடக்கும்போதே தளத்தின் பாகங்கள் அங்கே தயாராவது. முதல் கர்டரில் செய்த தவற்றை இருபதாவதில் செய்யாமல் இருப்பது. எங்கள் சிறுபாலத்தைக்கூட இன்று கட்டினால், பெட்டி வடிவில் முன்வார்க்கப்பட்ட துண்டுகளை இறக்கி இரண்டு மூன்று நாளில் பொருத்திவிடலாம். ஒவ்வொரு துண்டும் சற்று விலை கூடும். மாற்றுப்பாதைக்கும் வாட்ச்மேனுக்கும் காத்திருப்புக்கும் கொடுப்பது குறையும். ஆனால், ஒவ்வொரு கோட்டத்திலும் ஒவ்வொரு அளவில் பாலம் வரைந்துகொண்டிருக்கும்வரை எந்த யார்டும் அச்சில் முதல் போடாது.

ஸ்ரீதரனைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் பாம்பனைச் சொல்வார்கள். 1964 டிசம்பர் புயலில் சிதைந்த பாம்பன் ரயில் பாலத்தைச் சீரமைக்க ஆறு மாதம் குறிக்கப்பட்டு, பிறகு அது மூன்று மாதமாகக் குறைக்கப்பட, அவர் 46 நாளில் முடித்தார். இதைத் தனிமனித வீரமாக மட்டும் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. கடலில் விழுந்த கர்டர்கள் கிடந்த இடத்தைக் கண்டுபிடித்து, மீட்டு, அவற்றையே திரும்பப் பயன்படுத்தியதால் புதிய கர்டர்கள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லாமல் போனது. அந்த முடிவை அங்கேயே, அன்றைக்கே எடுக்க அவருக்கு அதிகாரம் இருந்தது. அந்த அதிகாரம் மேசைக்கு மேசை ஏறி இறங்கியிருந்தால், எந்த ஸ்ரீதரனாலும் 46 நாளில் முடித்திருக்க முடியாது.

முடிந்த பிறகு யார் பார்ப்பது

இந்தத் துறையில் மிக மெலிந்திருக்கும் கண்ணி, வேலை முடிந்த பிறகு நடக்க வேண்டிய அளவீடு. 150 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மத்தியத் திட்டங்களில் எவை தாமதம், எவற்றில் செலவு கூடியது என்று புள்ளியியல் அமைச்சகம் அறிக்கை வெளியிடுகிறது. தணிக்கைத் துறையும் சிலவற்றை எடுத்து ஆராய்கிறது. ஆனால், சொன்ன பயன் கிடைத்ததா, எத்தனை வண்டி போகும் என்றார்கள், எத்தனை போகிறது என்ற கேள்வி சிறிய வேலைகளில் எழுவதே இல்லை. எழாத காரணத்தால், போன வேலையில் எங்கே காத்திருந்தோம் என்பது அடுத்த வேலையின் மதிப்பீட்டுக்குள் நுழைவதும் இல்லை. பிரிட்டன் நிதித்துறை 2003 முதல் இதற்கு ஓர் எளிய வழி வைத்திருக்கிறது: கடந்த காலத்தில் அந்த வகைத் திட்டங்களுக்கு மதிப்பீட்டைவிடச் சராசரியாக எத்தனை சதவீதம் கூடுதலாகச் செலவானதோ, அந்தச் சதவீதத்தைப் புதிய மதிப்பீட்டோடு முதலிலேயே கூட்டிக் காட்டச் சொல்கிறது. பழைய வேலைகளின் உண்மைச் செலவைச் சேர்த்து வைத்திருந்தால்தான் அப்படிக் கூட்ட முடியும்.

எங்கள் சிறுபாலத்தின் கோப்பு, கடைசி பில் கொடுத்து வைப்புத்தொகையைத் திருப்பித் தந்ததோடு மூடப்பட்டது. சென்ற ஆண்டு அந்த வழியாகப் போனபோது ஓடைக்குள் இறங்கித் தளத்தின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். ஏறக்குறைய நடுவில், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை, சுண்ணாம்பு வடிந்த வெள்ளைக் கோடு ஒன்று ஓடுகிறது. மதியம் 2.15 வரை போட்ட காங்கிரீட்டுக்கும் 4.10க்குப் பிறகு போட்டதற்கும் இடையில் மழைத்தண்ணீர் இறங்கும் இடம் அது. கம்பிக்கும் அந்தத் தண்ணீர் போய்ச் சேர்ந்திருக்கும்.